உப்புப் பார்க்காத பெட்டிஸ்

“நாக்கு நுனியில வெச்சிப் பாத்துத் துப்பினா நோன்பு முறியாது ஸஹ்ரா. பள்ளி ஹஸரத்தே சொல்லி ஈக்கார்,” என்று ஸக்கியா மதினி இறைச்சிக் கலவையைக் கரண்டியில் அள்ளி நீட்டினாள்.

“தேவல்ல மதினி. உப்பு சரியாத்தான் ஈக்கும்.”

கரண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸஹ்ரா மாவைத் தேய்க்கப் போய்விட்டாள். மதினிக்குத்தான் பொறுக்கவில்லை, கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே போனாள். போகாமல் என்ன செய்வாள்? கண்டிக்குப் பக்கத்து மடவளையில் ஜமேக்கா பெட்டிஸை யார் கண்ணால் கண்டார்கள்? கிரிக்கெட் பார்க்க அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து ஒரு கூட்டம் பெருநாளுக்குப் பிறகு கண்டிக்கு வருகிறதாம். ஹோட்டலில் தங்கள் ஊர் பெட்டிஸ்தான் வேண்டுமாம். நாலு மணிக்கு அந்த ஹோட்டல் செஃப் ரமேஸ் வீட்டுக்கே வந்து ருசி பார்க்கப் போகிறான். பிடித்தால் ஓடர்.

பிடிக்காவிட்டால், ஸஹ்ராவின் புருஷன் மஹ்மூத் கட்டாருக்குப் போய்விடுவான். கட்டுகஸ்தோட்டையில் அவன் நடத்திய கடையை மூடிய நாளிலிருந்து விசா அலுமாரிக்குள் தயாராகக் கிடக்கிறது. கலியாணம் முடித்த பதினொரு வருஷத்தில் ஏழு வருஷம் ஏற்கெனவே பாலைவனத்தில் கழிந்துவிட்டது. இன்னொரு தடவை அவனை விமானமேற்ற அவளால் ஏலாது. அதை மதினியிடமே பச்சையாகச் சொல்லியும் இருந்தாள்.

ஜமேக்காக்காரி ஒருத்தியின் யூடியூப் வீடியோவைப் பார்த்து எழுதிவைத்த அளவுப்படி, கொத்தின மாட்டிறைச்சிக்கு உப்பைக் கிராம் தராசில் நிறுத்தே போட்டிருந்தாள். உறைப்புக்குப் பேர்போன நைமிரிஸ் மிளகாயை எண்ணிப் போட்டிருந்தாள். இப்போது மஞ்சள் சேர்த்த மாவுக்குள் இறைச்சியை வைத்து அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தி, ஓவனுக்குள் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் வாசம். முன்னறையில் இருந்த மஹ்மூத் இன்றைக்கு நோன்பு பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று முணுமுணுத்தான்.

மதினி விடுகிறாளா? பக்கத்து வீட்டு ஜெயராணிக்கு நோன்பில்லையே, அவளைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுப்போம் என்றாள். மாட்டிறைச்சி தொடாத பிள்ளையிடம் இதைக் கொண்டுபோய் நீட்டுவதா என்று ஸஹ்ரா கேட்டதும் மதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரமேஸ் சொன்ன நேரத்துக்கு வந்தான். புசல்லாவைக்காரன். பத்து வருஷம் உல்லாசக் கப்பலில் சமைத்தவன். ஜமேக்காவில் கப்பல் நிற்கும்போதெல்லாம் இறங்கி இதைத்தான் வாங்கித் தின்பானாம். ஏற்கெனவே இரண்டு பேரை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டானாம். ஒருவர் நம்மூர் மீன் பெட்டிஸையே பொரித்துக் கொண்டுவந்தாராம். மற்றவர் கறித்தூளை அள்ளிக் கொட்டியிருந்தாராம். நோன்பாளிகளுக்கு முன்னால் சாப்பிட அவனுக்குக் கூச்சம். ஸஹ்ராதான் கதிரையை இழுத்துப் போட்டு, தட்டை முன்னால் வைத்தாள்.

கடித்தான். மென்றான். மஹ்மூதின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸஹ்ரா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ரமேஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாவது முடிந்து இரண்டாவதுக்கும் கை போனது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான்.

“அக்கா, அங்க சாப்பிட்ட அதே ருசி. உப்பு, உறைப்பு எதுலயும் ஒரு குறை சொல்ல ஏலாது. நோன்போட எப்படிங்க செஞ்சீங்க?”

“கைப் பழக்கம் தம்பி.”

ஓடர் உங்களுக்குத்தான் என்று அவன் சொன்னபோது மதினி அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். ஆனால் ரமேஸ் எழும்பவில்லை. இந்த ஓடர் கிரிக்கெட் கூட்டத்தோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு என்ன செய்வதாக யோசனை என்று கேட்டான். மஹ்மூத் விசாக் கதையை ஒளிக்காமல் சொன்னான்.

ரமேஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஸஹ்ராவின் பக்கம் திரும்பினான்.

“ருசி பாக்காமலே இந்தச் செய்கைன்னா, பாத்துச் செஞ்சா எப்படி இருக்கும்? பெருநாள் முடிஞ்சதும் எங்க கிச்சனுக்கு வந்திருங்க அக்கா. நிரந்தர வேலை. மேசைக்குப் போற ஒவ்வொரு சாப்பாட்டையும் நீங்க ஒரு வாய் ருசி பாத்துச் சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும். அந்தப் பொறுப்புக்கு ஆள் தேடித்தான் அலையிறேன்.”

மஹ்மூத் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். கட்டாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாளைக்கே ஏஜென்சிக்குச் சொல்லிவிடுகிறேன் என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

“வாறேன் தம்பி,” என்றாள் ஸஹ்ரா. குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கொரோனாக் காய்ச்சல் கொண்டுபோன வாசமும் ருசியும் இன்றுவரை அவளுக்குத் திரும்பவில்லை. வாயில் போட்டது உப்பா சீனியா என்றுகூட அந்த நாக்குக்குத் தெரியாது. அதை யாருக்கும் தெரியாமல் மறைக்க அவளிடம் இருந்த ஒரே நல்ல சாக்கு, இன்னும் ஒன்பது நாளில் முடியப்போகிற இந்த நோன்புதான்.