துக்க வீட்டுத் தீபாவளி

“எண்ணெய்ச் சட்டியத் தொட்டுடாத இருசு! துக்க வூடு. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?”

வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள் அடுத்த வீட்டுப் பொன்னம்மாள். கையில் பித்தளைத் தட்டு நிறைய அதிரசமும் முறுக்கும். பெரம்பலூரின் அந்தச் சின்னத் தெருவில் காலையிலிருந்து இருசம்மாள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தட்டுகளில் இதுதான் பெரியது.

“தட்டுல திருப்பி வச்சுக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லியே அக்கா.”

“சும்மா இருடி. மத்த வருசமா இருந்தா வெறுந்தட்டோட போவேனா? சாவு வூட்டுல ஏது திருப்பற மொறை?”

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். வெல்லம் கடையில் கண்ணிலேயே படவில்லை. இருசம்மாளின் கணவன் தர்மராஜ் பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய சித்தப்பா, கீழப்பழுவூர் பஞ்சநாதன், தவறிப்போய்விட்டார் என்று புரட்டாசியில் இருசம்மாள் தெருவில் சொல்லியிருந்தாள். பங்காளிச் சாவு. அந்த வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது, பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கொடுத்தார்கள். ஏழு வயதுக் கொளஞ்சியின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. தங்கச்சி சாந்தாவின் கையில், பொன்னம்மாள் நேற்றே கொடுத்த மத்தாப்புப் பெட்டி.

“அம்மா, துக்கம் நல்லாத்தாம்மா இருக்கு. வருசா வருசம் வச்சுக்கலாம்” என்றான் கொளஞ்சி.

இருசம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள். பொன்னம்மாள் சிரித்துவிட்டு, துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. தோளில் ஒரு மூட்டை.

“தர்மராஜு வூடு இதுதானே?”

இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். பொன்னம்மாள் கொடுத்த தட்டு கையிலிருந்து நழுவியது. அதிரசங்கள் நாலா பக்கமும் உருண்டன. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

“எந்த ஊருங்க?” என்றாள் பொன்னம்மாள்.

“கீழப்பழுவூரு.”

“அப்படிச் சொல்லுங்க! பங்காளியப் பாத்ததும் புள்ளைக்குத் துக்கம் தொண்டைய அடைக்குது. பஞ்சநாதன் போனப்ப நீங்க கிட்ட இருந்தீங்களா?”

பெரியவர் மூட்டையை இறக்கி வைத்தார். இருசம்மாளைப் பார்த்தார். தரையில் கிடந்த அதிரசங்களைப் பார்த்தார். கொளஞ்சியின் கன்னங்களைப் பார்த்தார். அவன் கையிலிருந்த முறுக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். சாந்தா மத்தாப்புப் பெட்டியைப் பாவாடைக்குள் சொருகினாள்.

பொன்னம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. பங்காளி வீட்டுப் பெரியவர். ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் எல்லாவற்றையும் கீழே வைக்க வேண்டியதுதான்.

“வையாதீங்க ஐயா. அவ மேல தப்பில்ல. நாங்கதான் குடுத்தோம். அப்பனும் பக்கத்துல இல்லாத புள்ளைங்க, நல்ல நாள்ல வாயப் பாத்துக்கிட்டு நிக்குமேன்னு...”

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கிட்டத்தான் இருந்தேன் தாயி. ஒரு நிமிசம் பிரியல.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“ஒண்ணும் இல்ல. செத்தது அவருக்கே தெரியாது.”

“நல்ல சாவு! ஆனா மனுசன் கொஞ்சம் கஞ்சம்னு இருசு சொல்லுவா.”

“ஓகோ, அப்படியா சொல்லிச்சு?”

இருசம்மாளின் முந்தானை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

“கஞ்சந்தான்” என்றார் பெரியவர். “ஆனா கடைசியா ஒண்ணு சொன்னாரு தாயி. ‘என் சாவச் சொல்லி எந்தப் புள்ள வாயையும் கட்டிப்புடாதீங்க’ன்னாரு. திங்கட்டும். மத்தாப்பும் கொளுத்தட்டும்.”

கொளஞ்சியின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக வாய்க்குப் போனது.

பெரியவர் தயங்கித் தயங்கி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பனை ஓலையில் பொதிந்த வெல்லம், ஒரு தூக்கில் நல்லெண்ணெய்.

“வெல்லமா! எங்கே கிடைச்சுது?” என்று வாயைப் பிளந்தாள் பொன்னம்மாள். “ஆனா இவ சட்டி வைக்கக் கூடாதே ஐயா?”

“அதுக்குத்தான் நீ இருக்கியே. எடுத்துக்கிட்டுப் போயி, மாவு இருந்தா சுட்டு எடுத்துக்கிட்டு வா. பாதி உன் வூட்டுக்கு, மிச்சத்துல தெருவுல தட்டு குடுத்த எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு.”

பொன்னம்மாள் வெல்லத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பஞ்சநாதன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அவள் போனதும் இருசம்மாள் தடாலென்று பெரியவர் காலில் விழுந்தாள்.

“எந்திரி ஆத்தா. நல்ல நாளும் அதுவுமா” என்றார் அவர். கீழே கிடந்த ஒரு அதிரசத்தை எடுத்து, ஊதி, கடித்துக்கொண்டார்.

சாந்தா அவர் பக்கத்தில் போய் நின்றாள். “தாத்தா, உங்க பேரு என்ன?”

பெரியவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தினார். குனிந்து அவள் காதில் சொன்னார்:

“பஞ்சநாதன். வெளிய சொல்லிடாத கண்ணு. உங்கப்பன் திரும்பி வர்ற வரைக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேன்.”