எழுபத்திரண்டு மணி நேரம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். இரண்டு பேருக்குக் காப்பி போட்டேன்.

வெப்பமானியை மாமாவின் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். பிறகு என் நெற்றிக்கு. இரண்டு எண்களையும் தீவின் செயலியில் பதிந்தேன். இன்று பதின்மூன்றாம் நாள். பதினான்கு நாள் விடாமல் பதிந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு காலை மறந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமா என் மனைவியின் அப்பா. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் இறந்து எட்டு மாதமாகிறது. நானும் அவரும் நாளைக் காலை தீவுக்குப் போகிறோம். அது அவளுடைய கடைசி ஆசை.

இது மூன்றாவது முயற்சி. முதல் முறை தீவுக்காரர்கள் எல்லையை மூடினார்கள். இரண்டாம் முறை விமானத்தையே நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் மாமா பென்சிலால் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். விதி மாறினால் ரப்பரால் அழித்துத் திருத்துவார். அந்த இடங்களில் தாள் மெலிந்து போயிருக்கிறது.

விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டிருந்தார்கள். விடுமுறை, வேலை, திருமணம். மூன்று கட்டங்கள்தான்.

"நம்ம விஷயத்துக்குக் கட்டமே போடலையே மாப்பிள்ளை" என்றார். விடுமுறையில் டிக் அடித்தேன்.

பேருந்து பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர் அவர். தண்ணீரென்றால் அவ்வளவு பயம். ஆனாலும் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி வைத்திருக்கிறார். இன்று அதைப் போட்டுக்கொண்டே காப்பி குடித்தார்.

ஏழேகாலுக்குச் செய்தி வந்தது. நாளை விமானம் ஆறு மணிக்கு அல்ல, பதினொன்றுக்கு.

ஐந்து மணி நேரம்தான். ஆனால் பரிசோதனைக்கு எங்கள் மூக்கில் குச்சி விட்டது திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு. நாளை வியாழன். விமானம் ஏறும்போது எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. எழுபத்து நான்கு ஆகிறது.

செவ்வாய்க்கிழமை போகலாம் என்றுதான் சொன்னேன். கையில் கொஞ்சம் நேரம் இருக்கட்டும் என்று அவர்தான் திங்களன்றே இழுத்துப் போனார்.

"ரிப்போர்ட் நேத்து சாயங்காலம்தானே வந்துச்சு? அதுலேருந்து எண்ணுங்க மாப்பிள்ளை."

"குச்சி விட்ட நேரத்துலேருந்துதான் மாமா எண்ணுவாங்க."

"அதெப்படி? வண்டி கேட்டைத் தாண்டுற நேரத்தைத்தான் எழுதணும். டிரைவர் டீ குடிச்ச நேரத்தையா எழுதுவாங்க?"

பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதினேழு நிமிடம் ஒரே இசை. பிறகு ஒரு பெண்.

"இப்ப டெஸ்ட் எடுத்தாலும் ரிப்போர்ட் நாளைக்கு மத்தியானம்தான் சார் வரும். ஃப்ளைட் போயிடும். அடுத்த பெர்மிட் ரெண்டு மாசம் கழிச்சு. ஹனிமூன் கப்பிள்னா மட்டும் சீக்கிரம் குடுக்கறாங்க. நீங்க யார் யார் சார் போறீங்க?"

"நானும் என் மாமனாரும்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு மாசம்னே போட்டுக்கறேன் சார்."

போனை மேசையில் வைத்தேன். எறியவில்லை. எறிந்தால் பதின்மூன்று நாள் காய்ச்சல் கணக்கும் அதோடு போகும்.

மாமா தொப்பியைக் கழற்றினார். ரப்பரை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் அருகே போனார்.

"விடுங்க. இன்னொரு தடவை மூக்கைக் காட்டினாப் போச்சு. இதைச் செஞ்சு முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி."

திங்கட்கிழமை அவர் மூக்கில் ரத்தம் வந்தது. கைக்குட்டையை அழுத்திக்கொண்டே, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

ஒரே வாக்கியத்தில் இதையெல்லாம் நான் நிறுத்திவிடலாம்.

அழித்துக்கொண்டே கேட்டார்: "அவ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை."

சொன்னேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டு அந்தத் தீவுக்குப் போ, ஒரு நாள் முழுக்கக் கரையில உக்காருங்க. எட்டு மாதமாக ஒரு சொல்கூட மாறாமல் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவர் உதடும் கூடவே அசைகிறது.

அவளுக்குக் கடல் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் கேட்ட அன்று, எதிர்ச் சுவரில் மருந்துக்கடை காலண்டர் தொங்கியது. அந்த மாதத்துக்கு ஒரு தீவின் படம்.

அவள் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். அந்த ஐந்து நாளும் அவர் வழக்கம்போல மாலை ஏழு மணிக்குப் போன் செய்தார். குளிக்கிறாள் என்றேன். மீட்டிங்கில் இருக்கிறாள் என்றேன். ஒரு நாள், தூங்கிவிட்டாள் என்றேன். "சரி, எழுப்பாதீங்க" என்றார்.

ஆறாம் நாள் காலை நானே அவரைக் கூப்பிட்டேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று இதுவரை அவர் கேட்கவில்லை.

அவளைச் சேர்த்த அன்று மருத்துவமனை வாசலுக்கு மேல் என்னை விடவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு திறந்தபோது அவள் திரும்பினாள்.

"அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே. நான் வந்து சொல்லிக்கிறேன்."