வளைவில் அடங்கும் வண்டி

"அந்தப் பாலத்து வளைவு வந்ததும் வண்டி தானா அடங்கிடுது தம்பி. பெரியவன் கையை வச்சுப் பிடிக்கிறான்."

அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். மெக்கானிக்குக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

அவளுடைய மூத்த மகன் விபத்தில் போய் எட்டு மாதமாகிறது. இதே வண்டி, இதே வளைவு. நசுங்கிக் கிடந்த வண்டியை நிமிர்த்திக் கொடுத்தவனே இந்த மெக்கானிக்தான்.

"சும்மா இரும்மா," என்று எரிந்து விழுந்தான் சின்னவன். "செத்தவன் வந்து ஆக்சிலேட்டரைப் பிடிப்பானா? சென்சார் கோளாறு. ரீசெட் போடுங்கண்ணே. உள்ளே பழசு எது இருந்தாலும் அழியட்டும்."

பெற்றவளின் முகத்துக்கு நேரே இப்படியா பேசுவான் ஒருவன்? ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு.

"அழிச்சுடாதே தம்பி," என்றாள் அவள். கை சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றான் மெக்கானிக். "ஆக்சிலேட்டரை நாம எவ்வளவு முறுக்கியிருக்கோம்னு இன்ஜினுக்குச் சொல்ற சென்சார் இது. கணக்குத் தப்பினா, பூஜ்யம் எதுன்னு மறுபடி காட்டிக்கொடுக்கணும். அவ்வளவுதான்."

ஸ்கேனரை மாட்டி, சாவியைத் திருப்பினான். கையை விட்டால் திரையில் பூஜ்யம். முழுக்க முறுக்கினால் நூறு. கோளாறே இல்லை. இருந்தாலும் ரீசெட் போட்டான். மறுபடி பூஜ்யம், மறுபடி நூறு.

பாலம் வரை தானே ஓட்டிப் பார்த்தான். கைப்பிடிச் சுவரில் எட்டு மாதத்துக் கீறல் அப்படியே இருந்தது. அங்கே காற்றுகூட அசையவில்லை. வண்டி வேகம் குறையாமல், முறுக்கிய அளவுக்கே போனது.

ஸ்கேனரைப் பதிவில் போட்டு சீட்டுக்கடியில் கட்டினான். "இப்போ நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

பட்டறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான். சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தம், வளைவருகே யாரோ வாயைப் பொத்தினாற்போல் தணிந்தது. சற்று நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மெல்ல எழுந்தது.



திரும்பி வந்து இறங்கியவளின் முகம் மலர்ந்திருந்தது. "அழியல தம்பி! அதே இடம்!"

சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மெக்கானிக் பதிவை ஓட்டினான். திரையில் நேராகப் போன கோடு, வளைவில் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. ஒரு கை திருப்பாமல் அந்தக் கோடு இறங்காது.

சின்னவனைத் தனியே இழுத்துப் போனான். "யாரு கைடா இது?"

அவன் தலைகுனிந்தான். "என் கைதான்."

"அப்புறம் எதுக்கு ரீசெட், பெரிய அதட்டல் எல்லாம்?"

"ரீசெட் போட்டும் அவன் போகலைன்னாத்தானே அம்மா உறுதியா நம்புவாங்க? நாலு மாசம் படுத்த படுக்கைண்ணே. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப அந்த வளைவுல பயந்து குறைச்சேன். 'பெரியவன்தான் பிடிக்கிறான்'னாங்க. அன்னைக்குத்தான் சாப்பிட்டாங்க. இப்போ தனியாப் போனாலும் அங்கே என் கை தானா குறைக்குது." மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். "காட்டிக்கொடுத்துடாதீங்க."

கை கழுவுகிற சாக்கில் சின்னவன் குழாயடிக்குப் போனான்.

மெக்கானிக் அவளிடம் வந்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு தடுமாறியது. "சென்சார்ல ஒண்ணுமில்லம்மா. அது... பெரியவன்தான் போல."

அவள் குழாயடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஓட்டுறவன் கை தெரியாதா தம்பி? பறப்பான் இவனும். அண்ணன் அங்கே இருக்கான்னு நான் சொன்னதுக்கப்புறம்தான் மெதுவாப் போறான். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே."