அறுபத்தெட்டு வீதம் அழுமூஞ்சி

அறுபத்தெட்டு வீதம் அழுமூஞ்சி என்று கணினித் திரையைத் தட்டிக் காட்டினார் ஸ்ரனிஸ்லாஸ். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

கண்டியில் அந்தத் தனியார் மருத்துவ நிலையத்துக்கு அவர்தான் மெனேஜர். ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனால் ஊசி போடுகிறவர்களை அளக்கத் தெரியும். அதற்கென்றே கொழும்பில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அளக்கிற பெட்டிகள் போன மாதம் வந்தன. ஒவ்வொரு டொக்டரின் அறை வாசலிலும் ஒன்று. பச்சையில் சிரிக்கிற முகம், சிவப்பில் அழுகிற முகம். வெளியே வருகிறவர் ஒன்றை அமுக்கியே ஆக வேண்டும். அமுக்காதவரைக் காவலாளி நஸீப் விட மாட்டார்.

முகத்துக்குப் பூச்சு எழுதிக் கொடுக்கும் தோல் டொக்டருக்கு ஒரே சிரிப்பு. டொக்டர் ராஜரத்தினத்துக்குத்தான் இந்த அழுகை.

திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற, அலுவலகத்தில் வேலை செய்யும் நிரோஷாவுக்கு வயிறு எரிந்தது. ராஜரத்தினம் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். தொட்டதற்கெல்லாம் இரத்தப் பரிசோதனைக்கு எழுத மாட்டார். அவர் வரும் நாட்களில் கீழ்மாடி லெப்பில் கொட்டாவிதான், வருமானம் இல்லை. ஹந்தானையிலும் வத்தேகமவிலும் இருந்து தோட்டத்துச் சனம் விடியவே பஸ் ஏறி வருவது அவர் ஒருவருக்காக. அவரை அனுப்பிவிட்டால் அந்தச் சனம் யாரிடம் போகும்?

ராஜரத்தினத்தை நிறுத்துகிற கடிதம் கணினியில் இருக்கிறது, பிரின்ட் எடுத்து வாருங்கள் என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

ஏன் இத்தனை சிவப்பு என்று பார்க்க, நிரோஷா நேரே ராஜரத்தினத்தின் அறை வாசலுக்குப் போனாள்.

ஹந்தானைப் பாலம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்சமும் யோசிக்காமல் சிவப்பை அமுக்கினாள். டொக்டர் ஏதும் ஏசினாரா என்று கேட்டாள் நிரோஷா.

"அவரு தங்கமான மனுசன் புள்ள. எனக்கு இன்னும் நோவுதே, அத சொல்ல வேணாமா? சிரிக்கிறத அமுக்குனா சொகமாயிருச்சுன்னு மருந்து குடுக்காம அனுப்பிருவாங்கல்ல."

பின்னால் வந்த இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நிரோஷாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உடம்பு எப்படி என்று பெட்டி கேட்பதாக நினைத்து, நோயாளிகள் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் நோயோடுதான் வருவான் என்பது, சட்டம் போட்ட சான்றிதழுக்கு எட்டவில்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டா இவர் டொக்டர்களுக்குப் புள்ளி போடுகிறார்?

படியேறி ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

ஸ்ரனிஸ்லாஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். ராஜரத்தினம் தப்பிவிட்டார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு அவர் தாமே கணினியில் கடிதத்தைத் திறந்து, எழுந்து, கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

'நோயாளிகளின் கடும் அதிருப்தி காரணமாக' என்று தொடங்கியது அது. மேலே ஜனவரி ஒன்பதாம் திகதி.

பெட்டிகள் வந்து இறங்கியது பெப்ரவரி இருபதில். பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்ததே நிரோஷாதான்.

இவரைப் போய் முட்டாள் என்று நினைத்துவிட்டாளே.

"திகதிய மட்டும் மாத்திட்டு எடுங்க, மிஸ்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.