ஏழாம் வாசல் காவலன்

"அந்த ஆளை மட்டும் கூப்பிடாதீங்கக்கா. படத்தையும் கெடுப்பார், நம்ம மானத்தையும் வாங்குவார்."

சொன்னது முதல் மாடி நர்ஸ். மூன்றாம் மாடித் தையலக்கா கேட்கவில்லை.

"ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு அவரை மட்டும் விட்டுட்டுப் போறதா? என் பையன் நடிச்ச படம். எல்லாரும் வரணும்."

அந்த ஆள், கீழ்வீட்டுக்காரர். நாற்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்றது ஆள்தான், கண் அல்ல. லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ், டாக்டர் எழுதிய சீட்டு, எதையும் விடமாட்டார். சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. கட்டடத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

படம் பெரிய படம். டிராகன், மந்திரவாதி, ஏழு வாசல் கோட்டை. எல்லோரும் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பழைய நாவலை எடுத்திருந்தார்கள். நிஜமாகப் படித்தவர் பூதக்கண்ணாடி ஒருவர்தான். ஏழு தடவை.

தையலக்கா மகனுக்கு அதில் ஏழாம் வாசல் காவலன் வேஷம். ஒரு கூவல், ஒரு அம்பு, மதில்மேலிருந்து ஒரு விழுதல். அவ்வளவுதான். அதற்கு மூன்று மாதம் வீட்டில் மெத்தைமேல் விழுந்து பழகினான். நேர் கீழே இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பிளம்பர் வீட்டு ஃபேன் இன்னும் கோணலாகத்தான் தொங்குகிறது. பையன் இப்போது வெளியூரில், அடுத்த ஷூட்டிங்கில்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. பதினோரு பேர். தையலக்காவுக்கு முன் வரிசையில் தனி சீட். மற்றவர்கள் பின்னால்.

விளக்கு அணைந்ததும் பூதக்கண்ணாடி ஆரம்பித்துவிட்டார்.

"குதிரை வெள்ளை இல்லை. கறுப்பு."

"சரி சார்."

"மந்திரவாதிக்குத் தாடி முழங்கால் வரைக்கும். இவன் நாலு நாள் ஷேவ் பண்ண மறந்தவன் மாதிரி வர்றான்."

"சார், கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றார் பிளம்பர்.

"நான் சும்மாதான் இருக்கேன். படம்தான் தப்புத் தப்பாப் பேசுது."

கோட்டைச் சண்டை வந்தது. அம்பு மழை. ஆறாம் வாசல் உடைந்தது. பின் வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

டிராகன் பறந்து வந்து ஒரு ஊது ஊதியது. ஏழாம் வாசல் சாம்பல். காவலன் இல்லை. கூவல் இல்லை. விழுதல் இல்லை. அடுத்த காட்சியில் இளவரசி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பையன் எங்கேங்க?" பிளம்பர் கிசுகிசுத்தார்.

"வெட்டிட்டாங்க போல. ஐயோ, அக்கா…" என்றாள் நர்ஸ்.

முன் வரிசைத் தலை அசையவில்லை.

படம் விட்டு வெளியே வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தையலக்காதான் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நான் ஒரு பைத்தியம். அம்பு பறக்க ஆரம்பிச்சதும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். நடிப்பா இருந்தாலும் பெத்த பிள்ளை சாகறதை எப்படிப் பார்க்கறது? திறந்து பார்த்தா எவளோ தலை வாரிக்கிட்டிருக்கா. போகட்டும், நீங்க எல்லாரும் பார்த்தீங்களே, அது போதும்."

நர்ஸ் தன் செருப்பைப் பார்த்தாள்.

பூதக்கண்ணாடி தொண்டையைச் செருமினார். நர்ஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டார்.

"நான் பார்த்தேன். மூணு தப்பு."

பிளம்பர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நாவல்ல காவலன் இடது பக்கமா விழுவான். உங்க பையன் வலது பக்கமா விழுந்தான். அம்பு படறதுக்கு முன்னாடியே கண்ணைச் சிமிட்டிட்டான். கூவும்போது கடைசி எழுத்தை முழுங்கிட்டான். ஊருக்கு வந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க. விடமாட்டேன் அவனை."

பிளம்பருக்கு உயிர் வந்தது. "ஆமாக்கா! வலது பக்கம்தான். நானும் பார்த்தேன்."

"கூவினதுல எனக்குப் புல்லரிச்சிடுச்சு," என்றாள் நர்ஸ்.

தையலக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சாரே மூணு தப்புதான் கண்டுபிடிச்சார்னா, என் பையன் தேறிட்டான்!"

பஸ் ஸ்டாப்பில் நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வருமா சார்?"

"பொய்யா? காவலன் நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்காம்மா. வெட்டினவன்தான் பொய்யன்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தையலக்காவின் போன் அடித்தது. மகன். அழாத குறை.

"அம்மா, என் சீனை வெட்டிட்டாங்களாம். இப்பத்தான் சொல்றாங்க. கட்டடத்தையே கூட்டிக்கிட்டுப் போனியே, உன்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டேனேம்மா."

"அட போடா. கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதா? நீ மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. பாவம், பத்துப் பேரும் உன்னைப் பார்த்துட்டாங்க. கீழ்வீட்டு சார் கூப்பிட்டுத் திட்டினா, அடுத்த படத்துல இடது பக்கமா விழறேன்னு சொல்லிடு."