எந்த ஊர்த் திராட்சை?

ஆக்லாந்தின் ஓரத்தில் இருந்த அந்த ஒயின் நிலையத்தில், வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பது தமிழ்ப் பெண் பேர்ணடெட்டின் வேலை. திராட்சையைப் பற்றி யாராவது கேட்டால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கொடிகளைக் காட்டினால் போதும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் வந்த ஐம்பது வயதுக்காரர் தமிழிலேயே கேட்டார். "ஏம்மா, இதெல்லாம் இந்தத் தோட்டத்துப் பழம்தானா?"

பேர்ணடெட் ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லை ஐயா. அது ஆக்கள் படம் எடுக்கிறதுக்கு. பழம் தூரத்தில இருக்கிற கிஸ்போர்னில இருந்து லாரியில வருது."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா." அவர் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

யாரோ அதிகாரி என்று அவள் நினைத்தாள். மேலாளர் அடுத்த மேசையில்தான் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் சொன்னாள்.

"ஓம், கிஸ்போர்ன் பழம்தான்."

அவர் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டியா பங்கஜம்? நான் அனுப்பின படத்துல பாட்டில்ல ஆக்லாந்துன்னு போட்டிருக்கு, கிஸ்போர்ன்ல வேலைன்னு நீங்க சொல்றது பொய்னு மூணு மாசமா சண்டை போட்டியே! நான் பறிச்ச பழம்தாண்டி இது."

தேனியிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். உண்மையைச் சொன்னதுக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிராதுல்ல?"

பேர்ணடெட் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"போகாது அக்கா. இங்க என்னைத் தவிர ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது."