வாசக் கதவு பஸ்ஸர்

"இன்னைக்கு லீவுன்னு சொன்னீங்களே கிறிஸ்துராஜ்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"போன காரியம் நடக்கல சார்" என்றபடி எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார் கம்ப்யூட்டர் சார். ஹெட்மாஸ்டரும் பின்னாலேயே வந்தார்.

'வீட்டில் எது காணாமல் போனால் தாங்க மாட்டீர்களோ, அதற்கு ஒரு காவல் செய்து வாருங்கள்.' இதுதான் கிறிஸ்துராஜ் கொடுத்திருந்த புராஜெக்ட். சென்சாரும் பஸ்ஸரும் அவர் வாங்கித் தந்தவை. புரோகிராமும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

செல்லூர் வித்யாஸ்ரீ முதலில் எழுந்தாள். "வாசக் கதவுல மாட்டுனேன் சார். தொறந்தா கத்தும்."

"கத்துச்சா?"

"இன்னைக்கு விடியக்காலைலயே கத்திருச்சு சார்! அப்பா ஓடிப் போய்ப் பாத்தா, எங்க அக்கா பையோட நிக்குது. யார் கூடவோ ஓடப் பாத்திருக்கு."

வகுப்பு கைதட்டியது.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் கிறிஸ்துராஜ்.

"அம்புட்டு அடி வாங்கியும் அவன் பேரச் சொல்லல சார். ரூம்ல போட்டுப் பூட்டியாச்சு. வெள்ளிக்கிழம மாமா பையனோட கல்யாணம்."

"ஒரு குடும்பத்து மானத்தையே காப்பாத்திட்டீங்க!" ஹெட்மாஸ்டர் அவர் தோளில் தட்டினார்.

"சார், மாடிக் கதவுக்கும் ஒண்ணு வேணுமாம். அப்பா உங்களையே வந்து மாட்டித் தரச் சொன்னாரு."

"போயிட்டு வாங்க கிறிஸ்துராஜ், ஸ்கூலுக்குத்தான் பேரு."

"வாரேன்மா" என்றார் கிறிஸ்துராஜ்.

விடியற்காலையிலிருந்து காளவாசல் பஸ் ஸ்டாப்பில் அவர் காத்து நின்றது இவள் அக்காவுக்காகத்தான்.